தெனாட்டக்கா

அந்த அக்காவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும். ரங்கூன் தாமுவேயில் எங்கள் அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அவர் தெனாட்டக்கா. பர்மிய மொழியில் தெனாட் என்றால் துப்பாக்கி, பனாட் என்றால் செருப்பு. கோயில் வாசலில் இருபது வருடம் செருப்புக் காத்த மனுஷிக்குத் துப்பாக்கி அக்கா என்று பெயர் வைத்தது எங்கள் ஊர்க்காரர்களின் குசும்பு. அதில் என் பங்கும் உண்டு.

வந்த முதல் நாளே பெயர் விழுந்துவிட்டது. பகோ பக்கம் தமிழர்கள் நெல் போடுகிற ஒரு கிராமத்திலிருந்து, நாற்பது வயதுக்கு மேல், தன்னந்தனியாக ரங்கூனுக்கு வந்தவர் அவர். அங்கே அக்கம்பக்கமெல்லாம் தமிழ். பர்மியம் சந்தையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் வரும். எங்கள் கோயிலுக்கோ பாதிக்குப் பாதி பர்மியர்கள் வருவார்கள். பரீட்சை, வியாபாரம், பிள்ளை வரம் என்று அவர்களுக்கும் அம்மனிடம் ஆயிரம் வேலை. அதனால் கமிட்டியில் இருந்த நான், "பனாட் சுட் பா" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றுங்கள் என்று அர்த்தம். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வந்துவிட்டது என்று தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி உடுப்போடு வந்தார். கூடவே மனைவி, பின்னால் டிரைவர். இடுப்பில் உறைக்குள் துப்பாக்கி. அக்கா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தெனாட் சுட் பா."

அதிகாரியின் கை இடுப்புக்குப் போய்விட்டது. மனைவிதான் முதலில் புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார். அந்த மனுஷனுக்கு அன்று நல்ல மனநிலை போலிருக்கிறது. அவரும் சிரித்து, உறையோடு அதைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்து வண்டிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனார். நடந்தது எதுவும் தெரியாத அக்கா அவருடைய பூட்ஸை வாங்கிப் பலகையில் வைத்து டோக்கனை நீட்டினார். சாயங்காலத்துக்குள் தாமுவே மார்க்கெட் முழுக்கக் கதை பரவிவிட்டது. கண் காது வைத்துப் பரப்பியவன் நான்தான்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை திருத்தியிருப்பேன். "அக்கா, உதட்டை மூடி, காத்தை ஊதித் திறக்கணும். பனாட்." அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, என் வாயையே பார்த்து, "தெனாட்" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "நாக்கு திரும்பல தம்பி, விடுங்க" என்பார். கோயிலுக்கு வரும் பர்மியர்களுக்கும் இது பழகிப்போயிற்று. சில பேர் இரண்டு கையையும் தூக்கிக்காட்டி, என்னிடம் இல்லை அடோ, சோதித்துப் பாருங்கள் என்று கேலி செய்வார்கள். அடோ என்றால் அத்தை, சித்தி மாதிரி. அக்கா அதற்கும் சிரித்துக்கொண்டே டோக்கன் கொடுப்பார்.

நெற்றியில் திருநீறு, இரண்டு கன்னத்திலும் தனகா மரப்பட்டை அரைத்த பூச்சு, இடுப்பில் பூப்போட்ட லோன்ஜி. அப்படியே பாதி தமிழாகவும் பாதி பர்மாவாகவும் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். முகத்தை விடச் செருப்பைத்தான் அவர் நினைவு வைத்திருப்பார். வலது குதிகால் தேய்ந்திருக்கிறதே, முட்டி வலிக்கிறதா என்று என்னைக் கேட்டிருக்கிறார். நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பர்மியப் பெண்கள் வெல்வெட் செருப்பு போட்டுக்கொண்டு வந்து நனைத்துவிடுவார்கள். அக்கா பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் இழுத்ததும் எடுத்து வேறு திணித்து, அவர்கள் கும்பிட்டுத் திரும்புவதற்குள் முக்கால்வாசி உலர்த்தியிருப்பார். வார் அறுந்திருந்தால் ஊக்கு குத்தி வைத்திருப்பார். யாரும் கேட்டுச் செய்தது இல்லை.

இன்னொரு பழக்கம். ஒவ்வொரு ஜோடியையும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். கழற்றுகிறவர்கள் கோயிலைப் பார்க்கக் கழற்றுவார்கள்; இவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்புவார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "சாமி கும்பிட்டு வர்றவங்க குனிஞ்சு தேடக் கூடாது. கால நுழைச்சா நடந்துடணும்" என்றார்.

அவருக்கு ஆயுதம் என்றால் ஆகாது என்பது எங்களுக்குத் தெரிய வருடங்கள் ஆயின. கோயிலில் பொம்மைத் துப்பாக்கியோடு ஒரு குழந்தை வந்தாலும் அதை வாங்கி ஒரு துணியைப் போட்டு மூடி வைப்பார். பைத்தியக்காரத்தனம் என்று நான் சிரித்திருக்கிறேன். ஒரு மழை நாளில், பேப்பர் கசக்கிக்கொண்டே, அவராகத்தான் சொன்னார்.

அவர் கணவரிடம் ஊர்த் துப்பாக்கி இருந்தது. நெல்லைக் கிண்டும் காட்டுப்பன்றியை விரட்ட ஊரார் சேர்ந்து வாங்கியது. நல்ல மனுஷன், கோபக்காரர் இல்லை, குடி கிடையாது என்பதால்தான் அவர் வீட்டில் வைத்தார்கள். பத்து வருடம் பன்றியைத் தவிர எதன்மேலும் அவர் அதை நீட்டியதில்லை. ஒருநாள் வாய்க்கால் தண்ணீருக்காகக் கூடப் பிறந்த தம்பியோடு வாய்த் தகராறு. தோளில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். தம்பி வரப்பிலேயே போய்விட்டான். கணவர் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்தார். மூன்று வருடம் சோற்றுப் பொட்டலத்தோடு ஜெயில் வாசலில் நின்றதை அக்கா அதிகம் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னார்:

"அது மட்டும் கையில இல்லன்னா, இவரு ரெண்டு அடி அடிச்சிருப்பாரு, அவன் நாலு அடி திருப்பிக் குடுத்திருப்பான். நான் ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே சோறு போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் திருப்பி வைத்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு தலைகீழான அந்த வருடம் வந்தது. அதைப் பற்றி இங்கே இருக்கிற எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. தெருவில் துப்பாக்கி பார்ப்பது மழை பார்ப்பது மாதிரி ஆயிற்று. உடுப்பு போட்டவன் கையிலும் இருந்தது, போடாதவன் கையிலும் இருந்தது. கோயிலுக்குள் பூட்ஸோடும் துப்பாக்கியோடும் சிப்பாய்கள் சோதனைக்கு வந்தார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு "தெனாட் சுட் பா" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருவன் பலகையைக் காலால் எட்டி உதைத்தான், செருப்பெல்லாம் சிதறின. எங்கள் குருக்கள் நடுங்கிப்போய், இந்த அம்மா வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று என்னைக் கேட்டார். அக்காவுக்கு அந்த அளவுக்கெல்லாம் சாமர்த்தியம் ஏது என்று நான் சொன்னேன்.

எனக்குத் தாமுவேயில் மோட்டார் சாமான் கடை. பக்கத்து அரிசிக்கடைக்காரரைக் கொள்ளைக்காரர்கள் பட்டப்பகலில் நெற்றியில் துப்பாக்கி வைத்து மிரட்டிவிட்டுப் போனார்கள். புகார் கொடுக்க எங்கே போவது? போனால் போனவனையே உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். அடுத்தது நான்தான் என்று தோன்றிவிட்டது. தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். அனுமதிச் சீட்டு கிடையாது. பிடிபட்டால் அதற்கப்புறம் வெளி வெளிச்சம் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் வாங்கினேன். இது வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் தோள்பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன்.

அந்தப் பையோடு கோயிலுக்குப் போன முதல் நாளே அக்கா கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்கிறீர்களா? "இடது செருப்பு அழுந்தியிருக்கு. போன தடவ வரைக்கும் வலது. பையில என்ன தம்பி கனமா?" என்றார். மார்க்கெட்டில் யார் கண்ணுக்கும் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு கோபம் வந்தது. கடைக்குப் பூட்டு போடுகிறோம், நாய் வளர்க்கிறோம், அதை யாராவது தப்பு என்கிறார்களா? போலீஸும் இல்லை, சட்டமும் இல்லை என்று ஆன பிறகு என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்று தாழ்ந்த குரலில் அவரிடம் பொரிந்து தள்ளினேன். அம்மன் கையிலேயே சூலம் இல்லையா என்றும் கேட்டேன்.

"அவ சூலத்த எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போறதில்லயே தம்பி" என்றார்.

"ஒருத்தன் வந்து கடையக் கேட்டா?"

"குடுத்துடுங்க."

"உயிரக் கேட்டா?"

அக்கா எழுந்து போனார். எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஆனா உங்க கிட்ட ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா அவன் முதல்லயே சுட்டுடுவான். இல்லன்னா நீங்க யாரயாவது சுட்டுட்டு உங்க வீட்டம்மாவ ஜெயில் வாசல்ல நிக்க வைப்பீங்க. நான் நின்னிருக்கேன்" என்றார்.

பிறகு தெளிவாகச் சொல்லிவிட்டார்: செருப்போடும் உள்ளே விட மாட்டேன், அதோடும் விட மாட்டேன். வேறு வழியில்லாமல் பையிலிருந்து துணியோடு எடுத்துக் கொடுத்தேன். அவர் உட்காரும் முக்காலிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. வெற்றிலை, சுண்ணாம்பு, ஊக்கு எல்லாம் அதில்தான். அதற்குள் வைத்து மூடினார். செருப்புக்கு மட்டும் டோக்கன் கொடுத்தார். இதற்கு டோக்கன் எங்கே என்று கேட்டேன்.

"இதுக்கு டோக்கன் கிடையாது. நீங்க மறந்துட்டுப் போனீங்கன்னா எனக்குச் சந்தோஷம்தான்" என்றார்.

நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கொடுத்தேன், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டேன். திருப்பித் தரும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கோயிலில் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர் வண்டியைக் கழுவிக்கொண்டு வருவார், தையல்காரர் கத்தரிக்கோல், நான் என் கடை ஸ்பேனர் செட். எல்லாவற்றையும் அம்மன் முன்னால் பரப்பி, சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருடம் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. ஆயுத பூஜைதானே, அதையும் துணிக்குள் சுற்றி ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்துவிட்டால் அம்மன் அனுமதி கிடைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவளிடமாவது ஒரு பர்மிட் வாங்கிவிடலாம் என்று. அக்காவிடம் வாயை விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

"ஸ்பேனர் வேல செய்யுற சாமான், வைங்க. கத்தரிக்கோல் வேல செய்யுது, வைக்கட்டும். இது என்ன வேல செய்யும் தம்பி, சொல்லுங்க. அத அவ முன்னால வச்சா அவ அதுக்கும் சேத்து வேல குடுப்பா" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். டப்பாவுக்குள் போயிற்று.

தீபாராதனை ஆகிக்கொண்டிருந்தது. நான் வாசலை ஒட்டிய வரிசையில், என் முறை வரட்டும் என்று, கையில் என் ஸ்பேனர் தட்டு. வாசலில் வண்டிகள் வந்து நின்ற சத்தம் கேட்டது. கூட்டத்தைச் சோதிக்க ஏழெட்டுப் பேர், துப்பாக்கிகளோடு. அக்கா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். இருபது வருடப் பழக்கம்.

"தெனாட் சுட் பா."

முன்னால் வந்தவன் புதியவன், எங்கள் ஏரியாக் கதை தெரியாதவன். எங்கே தெனாட், எந்தத் தெனாட் என்று அதட்டினான். செருப்பைச் சொல்கிறார் என்று குருக்கள் உள்ளேயிருந்து கத்தினார். அவன் கேட்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது. பலகையைக் கவிழ்த்தார்கள், முக்காலியைத் தள்ளினார்கள், டப்பாவைத் திறந்தார்கள்.

எனக்கு அந்த நேரத்தில் யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? அக்காமேல். வாயை வைத்துக்கொண்டு ஒருநாள் சும்மா இருக்கக் கூடாதா என்று. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

அவன் துணியைப் பிரித்து, அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "டா பாலே?" என்றான். இது என்ன?

அக்கா அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். உதட்டை மூடி, காற்றை ஊதித் திறந்து, சொன்னார்:

"பனாட்."

சுத்தமாக வந்தது. இருபது வருடம் நான் மாரடித்தும் வராத அந்த "ப", தாமுவேயில் பிறந்து வளர்ந்த பர்மியப் பெண் சொல்கிற மாதிரி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் வேண்டுமானால் நாக்கு தவறியிருக்கும். மற்ற எந்த நாளும் தவறவில்லை.

இது தெனாட் என்று அவன் சொன்னான். அக்கா மறுபடியும் பனாட் என்றார். யாருடையது என்று கேட்டு அறைந்தான். அவர் உடைந்த பர்மியத்தில், கோயிலுக்கு வருகிறவர்கள் கொடுப்பார்கள், நான் வைத்துக்கொள்வேன், பேர் கேட்க மாட்டேன் என்றார். டோக்கனைக் காட்டு என்றான். அதற்கு டோக்கன் கிடையாது என்றார். அவர் கண் ஒரு தடவை கூட்டத்தின்மேல் போயிற்று. என்மேலும் போயிற்று, தூணைத் தாண்டிப் போகிற மாதிரி. நான் ஸ்பேனர் தட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். நான் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் போதும். பதினைந்து அடி தூரம்தான் இருக்கும்.

வெறுங்காலோடு வண்டியில் ஏற்றினார்கள். எத்தனை பேர் செருப்பையோ பார்த்துக்கொண்ட அக்காவுக்கு எது செருப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு தேடினதில் முக்காலிக்குப் பின்னால் ஒரு நீல ரப்பர் ஜோடி கிடைத்தது. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

ஜெயிலுக்குக் குருக்கள் மூலமாகச் சோறு அனுப்பினேன், என் பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லி. இரண்டு தடவை உள்ளே வாங்கினார்கள். மூன்றாம் தடவை திருப்பிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில், உள்ளே காய்ச்சலில் போய்விட்டதாகச் செய்தி மட்டும் வந்தது. உடம்பைக் கொடுக்கவில்லை. சொந்தம் என்று கேட்டு வாங்கப் போகவும் யாரும் இல்லை, நான் போகவில்லை. துப்பாக்கி எங்கே என்று மனைவி கேட்டபோது, போட்டாதாங் படகுத்துறையில் ஆற்றில் போட்டுவிட்டேன் என்றேன். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நல்ல புத்தி வந்ததே என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடையில் இப்போது என்னிடம் எதுவும் இல்லை. கொள்ளைக்காரன் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு அக்காவுக்கும் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஜை பாதியில் நின்றுபோய், எல்லோரும் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப்பையில் டோக்கன் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பலகை கவிழ்ந்ததில் எல்லாம் உருண்டு போயிருந்தன, ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் கலையாமல் இருந்தது. அதில் என் ஜோடி. தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். குனிய வேண்டியிருக்கவில்லை, தேட வேண்டியிருக்கவில்லை. காலை நுழைத்தேன், நடந்துவிட்டேன்.